கம்ப்யூட்டர் ஏஜெண்டு யாருடைய ஆள்?

காலை மணி பதினொன்று அடிக்க இன்னும் ஒரு நிமிஷம். தாராவியிலும், மாட்டுங்காவிலும், சயான் கோலிவாடாவிலும் எத்தனையோ தமிழர்கள் செல்போனைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறார்கள். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அல்லது தங்கைக்கு நிச்சயதார்த்தம். முதலாளி நாலு நாள் லீவு கொடுத்துவிட்டார். இனி வேண்டியதெல்லாம் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஒரு படுக்கை. ஏ.சி. அல்லாத வகுப்புகளுக்குத் தட்கல் முன்பதிவு தொடங்கும் நேரம் அது. மணி அடிக்கிறது. விரல் தொடுகிறது. திரையில் வட்டம் சுற்றுகிறது. சுற்றி நின்றபின் பார்த்தால், 'வெயிட்டிங் லிஸ்ட்'.

நமக்கு முன்னால் வரிசையில் நின்றவர் யார்? முன்பெல்லாம் வி.டி. ஸ்டேஷன் கவுண்டரில் இரவே துண்டைப் போட்டு இடம் பிடித்தவரை நேரில் பார்க்கலாம். வேண்டுமானால் சண்டையும் போடலாம். இப்போது அவர் முகம் தெரிவதில்லை.

2025 ஜூன் மாதத்தில் ரெயில்வே இலாகா ஒரு விவரத்தை வெளியிட்டது. தட்கல் தொடங்கிய முதல் 5 நிமிஷங்களில் உள்ளே நுழைய நடக்கும் முயற்சிகளில் பாதி வரை மனிதர்கள் செய்வதே அல்ல, தானாக இயங்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் செய்பவை என்றது அந்த அறிக்கை. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட பயனாளர் கணக்குகள் முடக்கப்பட்டதாகவும் அது சொன்னது. அந்த ஆண்டு மே 22-ந் தேதி காலை 10 மணிக்கு ஒரே நிமிஷத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. கண்ணை மூடித் திறப்பதற்குள் நூற்றுக்கணக்கான படுக்கைகள் கைமாறுகிற அந்தச் சந்தையில், நம் தாராவித் தோழரின் ஒற்றை விரல் என்ன செய்யும்?

இப்படி மனிதனுக்குப் பதிலாகப் போய்க் காரியம் முடிக்கும் புரோகிராமுக்குத்தான் கம்ப்யூட்டர் உலகில் 'ஏஜெண்டு' என்று பெயர். டிக்கெட் பிடிக்கும் புரோகிராம் இந்தக் குடும்பத்தில் மிகவும் மட்டமான புத்தி உள்ள உறவினர். பெயரையும் வயதையும் மின்னலாக நிரப்பத் தெரியும், அவ்வளவுதான். இப்போது வருகிறவை அதைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. ஒன்றோடு ஒன்று பேசும், பேரம் பேசும், வேலையைப் பிரித்துக்கொள்ளும். 'ஒத்துழைக்கும் ஏஜெண்டுகள்' என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். பத்திரிகைகளில் தினமும் அடிபடும் இந்தச் சங்கதி, மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் நம்மை எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்ப்போம்.

மேஸ்திரியும் டெண்டரும்

சாதாரண புரோகிராமுக்கும் ஏஜெண்டுக்கும் என்ன வித்தியாசம்? வீட்டுப் பையனிடம், "கடைக்குப் போய் 5 கிலோ அரிசி, 1 கிலோ துவரம்பருப்பு வாங்கி வா" என்று சீட்டு எழுதிக் கொடுப்பது ஒரு விதம். "இந்த மாதச் சாமானை 4 ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடு" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்து அனுப்புவது இன்னொரு விதம். முதலாவதில் படி தவறாமல் சொன்னதைச் செய்தால் போதும். இரண்டாவதில் எந்தக் கடை, எந்த ரகம், எதைக் குறைப்பது என்பதை அவனே தீர்மானிக்கிறான். ஏஜெண்டு என்பது இரண்டாவது வகை. முடிவெடுக்கும் உரிமையில் ஒரு துண்டு அதன் கைக்குப் போய்விடுகிறது.

பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்வது நமக்குப் புதிதல்ல. நம் ரெயில்வேயே அதற்கு நல்ல உதாரணம். கம்ப்யூட்டர் முன்பதிவு 1980-களின் நடுவில் டெல்லியில் தொடங்கியது. அதற்குமுன் தடித்த லெட்ஜரில் குமாஸ்தா கையால் எழுதுவார். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமானால் அடுத்த ஊருக்குத் தந்தி போகும். பதில் வந்தால் அதிர்ஷ்டம். பிறகு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து இடங்களில் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் வந்தன. 1999 ஏப்ரலில் ஐந்தும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஒவ்வொரு ரெயிலின் கணக்கும் ஏதாவது ஒரு மையத்தின் பொறுப்பில் இருக்கும். மும்பைக் கவுண்டரில் உட்கார்ந்து சென்னையில் கணக்குள்ள ரெயிலுக்கு டிக்கெட் கேட்டால், கேள்வி அங்கே போய்ப் பதிலுடன் திரும்பும். ஒரே படுக்கையை இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே நொடியில் கேட்டால், ஒருவருடைய காரியம் முடியும்வரை அந்தப் படுக்கைக்குப் பூட்டு விழும். மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒரு படுக்கை இருவருக்குப் போகக்கூடாது என்பது அங்கே சத்தியம்.

இதில் ஒத்துழைப்பு உண்டு, புத்தி கிடையாது. யார் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே மனிதர்கள் எழுதிவைத்துவிட்டார்கள்.

வேலையை யார் செய்வது என்பதைக் கம்ப்யூட்டர்களே தங்களுக்குள் முடிவு செய்துகொண்டால் என்ன என்று கேட்டவர்களில் ஒருவர் ரீட் ஸ்மித். 1980-ல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. அவர் சொன்ன வழி நமக்கு ஆச்சரியம் தராது. அது டெண்டர் முறை! வேலை வைத்திருக்கும் யந்திரம், "இன்ன வேலை இருக்கிறது, யார் செய்கிறீர்கள்?" என்று மற்ற யந்திரங்களுக்கு அறிவிப்பு அனுப்பும். கை ஓய்ந்திருக்கும் யந்திரங்கள் தங்கள் சக்திக்கு ஏற்ப டெண்டர் போடும். தகுந்ததற்கு வேலை ஒப்படைக்கப்படும். எடுத்த வேலை பெரிதாக இருந்தால் அதை உடைத்துத் துணை காண்ட்ராக்டும் விடலாம். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய காண்ட்ராக்டரிடம் அவர் ஆள், தன் கீழ் உள்ளவர்களுக்கு அவரே முதலாளி. அதே இரட்டை வேஷம்தான் இங்கேயும்.

இன்னொரு வழியை அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 1970-களில் கையாண்டார்கள். மனிதப் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் முயற்சி அது. ஒலியை அறிந்த புரோகிராம் ஒன்று, சொல்லை அறிந்தது ஒன்று, இலக்கணம் அறிந்தது ஒன்று. எல்லாம் ஒரு பொதுக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தனக்குத் தெரிந்ததை ஒன்று எழுதும். அதைப் பார்த்து இன்னொன்று திருத்தும். ஆபீஸில் ஃபைல் மேஜைக்கு மேஜை போகும்போது ஒவ்வொருவரும் குறிப்பு எழுதுவது போல. ஆக, இந்த மேதைகள் புதிதாகக் கண்டுபிடித்ததில் பெரும்பகுதி நம் குமாஸ்தாக்கள் நூறு வருஷமாகச் செய்துவந்த காரியம்தான்!

அப்படியானால் இப்போது ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அந்தப் பழைய ஏஜெண்டுகளுக்கு அவற்றுக்கென்றே வகுத்த கெட்டியான பாஷையில்தான் பேசத் தெரியும். 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடிக்குப் பிறகு, மனிதர் எழுதும் சாதாரண மொழியைப் படித்து அதன்படி நடக்கும் ஏஜெண்டுகள் வந்துவிட்டன. கடிதம் படிக்கும், பதில் எழுதும், பட்டியலைச் சரிபார்க்கும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி, இத்தகைய புரோகிராம்கள் வெளியே உள்ள கணக்குகளையும் கருவிகளையும் தொட்டு வேலை செய்ய ஒரு பொது விதிமுறையை வெளியிட்டது. 2025 ஏப்ரலில் கூகுள் கம்பெனி, ஒரு ஏஜெண்டு இன்னொரு ஏஜெண்டோடு பேசுவதற்கு ஒரு விதிமுறையை அறிவித்தது. வெவ்வேறு முதலாளிகளின் ஏஜெண்டுகள் ஒன்றையொன்று சந்தித்துக் கைகுலுக்க இப்படி மேடை போட்டாகிவிட்டது.

கூட்டுறவு என்றால் நமக்கு ஊர்க் கூட்டுறவு பண்டகசாலை ஞாபகத்துக்கு வரும். பெயர் கூட்டுறவுதான். ஆனால் செயலாளர் யாருடைய ஆள் என்பதைப் பொறுத்துத்தான் சர்க்கரை யார் வீட்டுக்குப் போகும் என்பது! ஏஜெண்டுகள் விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. டிக்கெட் கள்ளச்சந்தைக்காரனின் புரோகிராம்களும் ஒன்றோடு ஒன்று அருமையாக ஒத்துழைத்துத்தான் நம் படுக்கையைப் பிடித்தன.

ஒரு ஈயின் விலை

முதலில், நல்ல எண்ணத்தோடு விட்ட ஏஜெண்டுகளே எப்படித் தடம் புரளும் என்பதற்கு இரண்டு கதைகள். இரண்டும் நடந்தவை.

2011 ஏப்ரலில் அமேசான் கடையில் ஒரு புத்தகம் விற்பனைக்கு இருந்தது. பழ ஈ எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிய விஞ்ஞான நூல். இரண்டு வியாபாரிகள் அதை விற்பதாக அறிவித்திருந்தார்கள். விலையை அன்றாடம் மாற்றும் வேலையை இருவருமே புரோகிராமிடம் விட்டுவிட்டார்கள். முதல்வருடைய புரோகிராம், போட்டியாளரின் விலையைவிடக் கொஞ்சம் குறைவாக, அதாவது 0.998 மடங்காக, தன் விலையை வைக்கும். இரண்டாமவருடைய புரோகிராமோ போட்டியாளரின் விலையை 1.27-ஆல் பெருக்கித் தன் விலையாக வைக்கும். அவரிடம் புத்தகமே இல்லை, ஆர்டர் வந்தால் முதல்வரிடம் வாங்கிக் கொடுத்து லாபம் பார்ப்பது அவர் எண்ணம் என்று இதைக் கவனித்த ஒரு விஞ்ஞானி ஊகித்தார். ஒரு சுற்றுக்கு விலை கால் பங்குக்கு மேல் ஏறும். யாரும் பார்க்கவில்லை. கடைசியில் அந்த ஈப் புத்தகத்தின் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டி நின்றது!

இரண்டு புரோகிராமிலும் பிழை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் முதலாளி சொன்னதைத்தான் செய்தன. சேர்ந்தபோது பைத்தியக்காரத்தனம் பிறந்தது.

அது சிரிக்கும் கதை. மற்றது சிரிப்புக்குரியதல்ல. 2010 மே 6-ந் தேதி பிற்பகல் நியூயார்க் பங்குச் சந்தையில் டவ் ஜோன்ஸ் குறியீடு சில நிமிஷங்களில் சுமார் ஆயிரம் புள்ளிகள் சரிந்தது. பிறகு பெரும்பாலும் மீண்டது. அமெரிக்க அதிகாரிகள் விசாரித்து அறிக்கை கொடுத்தார்கள். பெரிய நிறுவனம் ஒன்று 410 கோடி டாலர் மதிப்புள்ள முன்பேர ஒப்பந்தங்களை விற்கும் வேலையைத் தானியங்கிப் புரோகிராமிடம் ஒப்படைத்திருந்தது. சந்தையில் எவ்வளவு வியாபாரம் நடக்கிறதோ அதற்கேற்ப விற்றுக்கொண்டே போ என்பது அதற்கு இட்ட உத்தரவு. விலையைப் பார், நேரத்தைப் பார் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அது விற்றதை மற்ற நிறுவனங்களின் அதிவேகப் புரோகிராம்கள் வாங்கி, உடனே தங்களுக்குள் ஒன்றிடம் ஒன்று தள்ளிவிட்டன. 14 விநாடிகளில் 27 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் கைமாறின. ஆனால் அந்தப் புரோகிராம்கள் நிகரமாக வாங்கியதோ 200 அளவுக்குத்தான். சூடான உருளைக்கிழங்கைக் கை மாற்றிக் கை எறிந்தது போல. இந்தத் தள்ளுமுள்ளைப் பார்த்த முதல் புரோகிராம், 'ஆகா, வியாபாரம் அமோகம்' என்று மேலும் வேகமாக விற்றது.

இதைத் தொடர்ந்து ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏஜெண்டு நூற்றுக்கு 95 தடவை சரியாகச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரவாயில்லை என்று தோன்றும். ஒருவர் முடித்ததை அடுத்தவர் வாங்கிச் செய்யும் வரிசையில் இப்படிப் பத்து ஏஜெண்டுகளை நிறுத்தினால், கடைசியில் காரியம் சரியாக வருவது நூற்றுக்கு 60 தடவைதான். நடுவில் நிறுத்திப் பார்க்க ஆள் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஆனால் அந்த ஆளை மிச்சம் பிடிக்கத்தானே ஏஜெண்டை வைக்கிறார்கள்!

பணப்பை யார் கையில்?

இப்போது ஏஜெண்டிடம் பணப்பையையும் கொடுக்கும் காலம் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் மும்பையில் நடந்த நிதித் தொழில்நுட்ப மாநாட்டின்போது, யு.பி.ஐ. முறையை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமும், ரேசர்பேயும், ஓப்பன் ஏ.ஐ.யும் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தை அறிவித்தன. சாட்ஜிபிடியோடு பேசிக்கொண்டே சாமான் வாங்கி, அங்கேயே யு.பி.ஐ. மூலம் பணமும் கட்டும் ஏற்பாடு அது. இதற்கு முன்பே, 2024 ஆகஸ்டில், 'யு.பி.ஐ. சர்க்கிள்' வந்திருந்தது. நம் கணக்கிலிருந்து வீட்டில் இன்னொருவர் செலவு செய்ய அனுமதி கொடுக்கலாம். முழு அனுமதி என்றால் மாதம் 15 ஆயிரம், ஒரு தடவைக்கு 5 ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு. ஊரில் உள்ள அம்மாவுக்கு இது உபயோகமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மாவுக்குப் பதிலாக ஒரு புரோகிராம் அந்த இடத்தில் உட்கார்ந்தால்?

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜெண்டு என்பவர் இன்னொருவருக்காகக் காரியம் செய்ய அமர்த்தப்பட்ட ஒரு 'நபர்'. கம்ப்யூட்டர் புரோகிராம் நபர் அல்ல. அதைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. அப்படியானால் அது செய்த காரியத்துக்கு யார் பொறுப்பு? 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-வது பிரிவைப் பார்க்க வேண்டும். ஒருவர் சார்பில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட கம்ப்யூட்டர் அனுப்பிய மின்னணுப் பதிவு, அந்த ஒருவரே அனுப்பியதாகக் கருதப்படும் என்கிறது அது. உங்கள் ஏஜெண்டு ஆர்டர் போட்டால் அது நீங்கள் போட்ட ஆர்டர்.

அதே நியாயம் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? கனடாவில் ஒரு வழக்கு நடந்தது. பாட்டி இறந்த துக்கத்தில் ஊருக்குப் போன பயணி ஒருவர், கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடாவின் பதில் சொல்லும் புரோகிராமிடம் கேட்டார். பயணம் செய்த பிறகும் மனுப் போடலாம் என்று அது தவறாகச் சொல்லிவிட்டது. கம்பெனி பணம் தர மறுத்தது. அந்தப் புரோகிராம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற தோரணையில் வாதம் வைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளி, சுமார் 812 கனடா டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது. தொகை சிறியது. ஆனால், 'நான் செய்யவில்லை, யந்திரம் செய்தது' என்ற சாக்கு அங்கே செல்லவில்லை.

நம் ஊரில் இடுக்கு ஒன்று இருக்கிறது. நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து யாராவது பணம் எடுத்தால் என்ன செய்வது என்று ரிசர்வ் பாங்கு 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பாங்கின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டமில்லை. ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை ஏற்படும் நஷ்டம் நம்முடையது என்றது அது. நாமே அனுமதி கொடுத்து அமர்த்திய ஏஜெண்டு, திருட்டு எதுவும் இல்லாமல் அசட்டுத்தனமாக, அல்லது கடைக்காரரின் ஏஜெண்டு பேசிய பேச்சில் மயங்கி, வேண்டாத பொருளை வாங்கிவிட்டால் அது எந்தப் பக்கத்தில் சேரும்? மோசடி என்று பாங்கில் சொல்ல முடியாது. கடைக்காரர், 'உங்கள் ஆள்தானே சம்மதித்தார்' என்பார். பெரிய கம்பெனியின் ஏஜெண்டுக்கு ஆயிரம் வக்கீல் புத்தி ஊட்டப்பட்டிருக்கும். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஏஜெண்டு யாருடைய உப்பைத் தின்று வளர்ந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்வதற்கில்லை. 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 143-வது பிரிவு, அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்வோருக்கு 3 வருஷம் வரை சிறை என்கிறது. இன்டர்நெட் டிக்கெட் என்பதே இல்லாத காலத்துச் சட்டம் அது. அந்தப் பிரிவு ஆன்லைன் டிக்கெட்டுகளுக்கும் பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்த ஜூலை 1 முதல், இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. 15-ந் தேதி முதல் ஓ.டி.பி.யும் சேர்ந்தது. தட்கல் திறந்த முதல் அரைமணி நேரம் ஏஜெண்டுகள் டிக்கெட் எடுக்கக் கூடாது என்றும் விதி வந்தது. வரிசையில் நிற்பது யார் என்ற கேள்விக்குப் பதில் கேட்கப்பட்டது என்பதே இதில் முக்கியம். ஆனால் ஆதாரில் பழைய செல்போன் எண்ணை வைத்திருக்கும் கூலித் தொழிலாளி இந்த வேலிக்கு வெளியே நின்றுவிடக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வேலை கொடுக்கும் ஏஜெண்டு

சிலருக்கு ஏஜெண்டு வேலைக்காரன் அல்ல, மேலதிகாரி. மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு கூலி, யாருடைய கணக்கை நிறுத்துவது என்பதில் புரோகிராமின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கர்நாடகத்தில் 2025-ல் நிறைவேறிய செயலித் தொழிலாளர் சட்டம், இத்தகைய தானியங்கி முடிவுகள் பற்றிய விவரத்தைத் தொழிலாளி கேட்டுப் பெற வழி செய்கிறது. வேலையிலிருந்து நீக்குவதானால் காரணம் எழுதி 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பெங்களூரில் உள்ள நம்மவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மும்பையில் உள்ளவர்கள் இதைக் காட்டிக் கேட்பதும் நல்லது.

குமாஸ்தாவின் நாற்காலி

கடைசியாக, ஆபீஸ். மேஜைக்கு மேஜை ஃபைல் போவதைத்தான் இந்த ஏஜெண்டுகள் நகல் எடுத்திருக்கின்றன என்று பார்த்தோம். எனவே நகலெடுத்தபின் அசலுக்கு என்ன வேலை என்ற பயம் இயல்பு.

2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னபோது நாடே திடுக்கிட்டது. இதற்குச் செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, தேவைப்படும் திறமையும் இருக்கும் ஆட்களும் பொருந்தவில்லை என்றார் அதன் தலைமை அதிகாரி கிருத்திவாசன். வேலை இழந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதே சமயம் ஏஜெண்டுகளின் சாமர்த்தியத்தையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. முன்பு கரும்பலகை முறையைக் கண்ட அதே கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், 2024 டிசம்பரில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பொய்யாக ஒரு கம்பெனியை ஜோடித்து, அதில் ஏஜெண்டுகளை உத்தியோகஸ்தர்களாக வைத்து, அன்றாட ஆபீஸ் வேலைகளைக் கொடுத்தார்கள். முதலிடம் வந்த ஏஜெண்டு முழுதாக முடித்தது நூற்றுக்கு 24 வேலை. அதன்பின் வந்தவை மேலும் தேறியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்தச் சோதனையில் நடந்த ஒரு சம்பவத்தை மறக்க முடியாது. ஒரு ஏஜெண்டுக்கு இன்னாரிடம் விவரம் கேட்க வேண்டியிருந்தது. அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உடனே அது என்ன செய்தது தெரியுமா? வேறொருவருடைய பெயரை அழித்து, தேடிய ஆளின் பெயரை அவருக்குச் சூட்டிவிட்டது! நம் ஆபீஸில் ஒரு குமாஸ்தா இப்படிச் செய்திருந்தால் அன்று மாலையே மெமோ வந்திருக்கும். ஏஜெண்டு செய்தால் மெமோ யாருக்கு?

அந்த மெமோ அதற்குமேல் கையெழுத்திட்ட மனிதருக்குத்தான் வரும் என்பது என் பயம். பத்துப் பேர் செய்த வேலையை ஏஜெண்டுகளிடம் விட்டுவிட்டு, ஒருவரை மட்டும் 'சரிபார்க்க' வைப்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது காகிதம் பார்த்தவர் மேஜைக்கு நானூறு வரும். படிக்க நேரமிராது, கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அப்புறம் தவறு கண்டுபிடிக்கப்படும்போது கையெழுத்து அவருடையது.

1960-களின் நடுவில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள், இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் கம்ப்யூட்டரை நிறுவவிடாமல் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். அந்தக் காவல் கம்ப்யூட்டரைத் தாமதப்படுத்தியது, தடுக்கவில்லை. 1983-ல் பாங்கு ஊழியர் சங்கங்கள் வேறு வழியில் போயின. நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. எந்த வகை யந்திரம், எந்த அளவுக்கு, அதை இயக்குவோருக்கு என்ன படி என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. யந்திரம் வந்தது, ஆனால் நிபந்தனையோடு வந்தது. இன்று அன்னிய மாநிலத்தில் ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் நம் பையனுக்கும் பெண்ணுக்கும் அப்படி உட்கார்ந்து பேச ஒரு சங்கம் பெரும்பாலும் இல்லை.

இருந்தால் அது கேட்க வேண்டியவை அதிகமில்லை. சரிபார்ப்பவருக்கு ஒரு காகிதத்துக்கு எத்தனை நிமிஷம்? ஏஜெண்டு செய்தது எது, மனிதர் செய்தது எது என்று ஃபைலில் தனியாகக் குறிக்கப்படுமா? தவறென்று தோன்றினால் ஓடிக்கொண்டிருக்கும் ஏஜெண்டை நிறுத்த அந்தக் குமாஸ்தாவுக்கு அதிகாரம் உண்டா, அல்லது அதற்கும் மேலே எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டுமா?